சர்க்கரையும் ஞாபக மறதியும்: மூன்று துறையைத் தொடும் ஆய்வை எந்தத் துறையில் பதிவது?

கேள்வி: காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர். எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்திருக்கிறேன். அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. கொஞ்ச நாளாக மறதியும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரை நோய் நினைவாற்றலை எப்படிக் கெடுக்கிறது என்று பிஎச்.டி. செய்ய ஆசை. நினைவு பற்றிய உளவியல், மூளைச் செல்கள், நீரிழிவு மூன்றையும் சேர்த்து எழுதிக் கொண்டுபோனேன். "இது மூன்று பிஎச்.டி. அம்மா" என்று ஒரு பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எந்தத் துறையில் பதிவது? வீட்டை விட்டு ரொம்பத் தூரம் போக முடியாது.

பதில்: முதலில் உங்கள் அம்மாவைப் பற்றிப் பேசிவிடுவோம், ஆய்வு அப்புறம். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அது குறைந்தால் மறதி வரும், பாதம் மரத்துப்போகும். கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்ய வழி உண்டு. தைராய்டு குறைவும் மனச்சோர்வும்கூட வெளியில் மறதியாகத்தான் தெரியும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்து, அந்த நேரத்துக்கு நினைவும் பேச்சும் தடுமாறும். பி12, தைராய்டு இரண்டையும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

இனி ஆய்வு. பேராசிரியர் சொன்னது சரிதான், ஆனால் ஆசையைக் கைவிட அது காரணம் இல்லை. கேள்வி மூன்று துறையைத் தொடலாம். பதிவு ஒரு துறையில்தான் நடக்கும், உங்களுக்கு அது உயிர்வேதியியல். பழகிய கைவேலையை விட்டுவிட்டு உளவியலை அரிச்சுவடியிலிருந்து தொடங்காதீர்கள். உளவியலிலிருந்து ஒரு நல்ல அளவுகோலை மட்டும் கடன் வாங்கினால் போதும்.

இந்தத் தொடர்பு கற்பனை அல்ல. மூளையில் இன்சுலின் வந்து ஒட்டும் ஏற்பிகள் இருப்பது 1978-லேயே தெரிந்துவிட்டது; புது நினைவுகள் பதிய உதவும் ஹிப்போகேம்பஸிலும் அவை உண்டு. இன்சுலினைச் சிதைக்கும் நொதியே அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா என்ற புரதத்தையும் சிதைக்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு 1999-ல், சர்க்கரை உள்ள முதியவர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று காட்டியது. அப்படியானால் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் ஞாபகம் காப்பாற்றப்பட வேண்டும் அல்லவா? 2011-ல் முடிவு வெளியான அக்கார்டு-மைண்ட் சோதனையில் 40 மாதம் இறுக்கிப் பிடித்தும் நினைவுத் தேர்வுகளில் வித்தியாசம் வரவில்லை. 2025 நவம்பரில், சர்க்கரைக்குத் தரும் செமாகுளூடைடு மருந்தும் தொடக்கநிலை அல்சைமரின் வேகத்தைக் குறைக்கவில்லை என்று இரண்டு பெரிய சோதனைகள் சொல்லிவிட்டன. இடையில் நடப்பது என்ன என்பது இன்னும் பிடிபடவில்லை. உங்களைப் போன்றவர்கள் இதற்குள் வர வேண்டும் என்று நான் விரும்புவது அதனால்தான்.

வழிகள் மூன்று. செல்களை வளர்த்துப் பார்க்கலாம், எலிகளில் பார்க்கலாம், மனிதர்களிடம் பார்க்கலாம்.

செல் வழியில் கன்ட்ரோல், அதாவது ஒப்பிட வைத்துக்கொள்ளும் 'நார்மல்' குழு, விஷயத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள். செல் வளர்க்க லேப்களில் சாதாரணமாக வாங்கும் 'ஹை குளுக்கோஸ்' டிஎம்இஎம் ஊடகத்தில் (செல்லுக்கு உணவாகும் திரவத்தில்) லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. நம் ரத்தப் பரிசோதனைக் கணக்கில் அது 450. அதில் வளர்ந்த செல்லை 'நார்மல்' என்று எழுதிவிட்டு, மேலும் குளுக்கோஸ் சேர்த்ததை 'டயாபெடிக்' என்றால், சர்க்கரை நோயாளியோடு சர்க்கரை நோயாளியைத்தான் ஒப்பிடுகிறீர்கள். லிட்டருக்கு 1 கிராம் உள்ள ஊடகத்தில் செல்களைப் பழக்க வேண்டும். குளுக்கோஸைக் கூட்டும்போது கரைசலின் அடர்த்தியும் கூடும் என்பதால், அதே அளவு மானிட்டால் (செல் உணவாக எடுத்துக்கொள்ளாத பொருள்) சேர்த்த இன்னொரு கன்ட்ரோலும் வேண்டும். கைடு லேப்பில் போய் முதலில் ஊடகப் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். அந்த லேப் எப்படி யோசிக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எலி வழியை உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தைப் போட்டுச் சர்க்கரை வரவைத்த எலிகளுக்கு நாளடைவில் கண்புரை வரும், உடலும் மெலியும். தண்ணீர்த் தொட்டியில் நீந்தி மேடையைத் தேடும் நினைவுத் தேர்வில் அந்த எலி தோற்றால், மறந்ததா, கண் தெரியவில்லையா, நீந்தத் தெம்பில்லையா என்று பிரித்துச் சொல்வதே பெரும்பாடு.

தர்மபுரியில் இருந்துகொண்டு செய்ய மனிதர்களைப் பார்க்கும் வழிதான் பொருத்தம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே போகும் ஊர்கள் இவை. ஒரே வட்டாரத்தில் சர்க்கரை உள்ளவர்கள், அதே வயதும் படிப்பும் உடைய சர்க்கரை இல்லாதவர்கள் என இரண்டு குழு எடுங்கள். ரத்தத்தின் வெள்ளை அணுக்களைப் பிரித்து, அவற்றில் இன்சுலின் சமிக்ஞை எப்படி ஓடுகிறது என்று அளந்து பாருங்கள். அது உங்கள் துறை வேலை. ரத்த அணு மூளைச் செல் ஆகிவிடாது. அந்த வரம்பை ஆய்வேட்டில் நேராக எழுதிவிடுங்கள். ஹீமோகுளோபினையும் பாருங்கள்: இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் அளவு) கூடுதலாகக் காட்டும்.

நினைவை எப்படி அளப்பது என்பதுதான் அடுத்த சிக்கல். 'ஞாபகம்' ஒன்றே ஒன்று இல்லை. 1953-ல் வலிப்புக்காக ஹிப்போகேம்பஸ் பகுதி இருபுறமும் அகற்றப்பட்ட ஹென்றி மொலைசன், சொன்னதை உடனே திருப்பிச் சொல்வார், சில நிமிடத்தில் மறந்துவிடுவார். ஆனால் கண்ணாடியைப் பார்த்து வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், பழகிய நினைவே இல்லாமல். எனவே எந்த நினைவு என்று சொல்லுங்கள். உடனடியாகச் சொல்வதும் 20 நிமிடம் கழித்துச் சொல்வதும் தனித்தனி மதிப்பெண். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிந்தனை வேகமும் சற்றுக் குறையும். மெதுவாகச் சொல்பவரை மறந்தவர் என்று எழுதிவிடாதீர்கள்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி. பென்சிலே பிடிக்காத பாட்டியிடம் கனசதுரத்தைப் பார்த்து வரை, கடிகாரம் போடு என்று மோகா என்ற நினைவு, சிந்தனைத் தேர்வை நீட்டினால், அவர் மூளையை அல்ல, அவர் பள்ளிக்குப் போகாததை அளக்கிறீர்கள். எழுத்து தேவைப்படாத, வாய்மொழியாகச் சொல்லும் சொற்பட்டியல் தேர்வை ஓர் உளவியலாளரோடு சேர்ந்து தேர்ந்தெடுங்கள். ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டுமொழி தெலுங்கோ கன்னடமோ என்றால் சொற்கள் அந்த மொழியில் இருக்க வேண்டும். கிருஷ்ணகிரியை ஒட்டிய கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரத்தில், பெங்களூரு ஐஐஎஸ்சி வளாகத்து மூளை ஆய்வு மையம் கிராமத்துப் பெரியவர்களைத் தொடர்ந்து பரிசோதித்து வருகிறது. அவர்கள் கட்டுரைகளில் செய்முறைப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள்.

கைடு உயிர்வேதியியலில், துணைக் கைடு அரசு மருத்துவக் கல்லூரியின் பொது மருத்துவத் துறையில் கிடைத்தால் நல்லது, நோயாளிகளும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் அங்கிருந்துதான் வர வேண்டும். அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கக் கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் சேலம் பெரியார் பல்கலைக்கழக எல்லைக்குள் வருவதால், முதலில் அங்கே அங்கீகாரம் பெற்ற கைடுகளில் யாருக்கு இடம் காலி என்று விசாரியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி உதவிப் பேராசிரியர் ஒரு நேரத்தில் 4 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், பேராசிரியர் 8 பேரையும்தான் வழிநடத்தலாம். படிப்புக்குக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. பெண்களுக்கு மேலும் 2 வருடம் வரை நீட்டிப்புக் கிடைக்கும்.

பணத்துக்குச் சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் உயிர் அறிவியல் தாளை எழுதுங்கள். ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஜேஆர்எஃப் கிடைக்காமல் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றாலும் அந்த மதிப்பெண் 70 சதவீதமாகவும் நேர்காணல் 30 சதவீதமாகவும் எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் அந்தத் தகுதி ஒரு வருடம்தான் செல்லும். அதனால் கைடிடம் பேசி வைத்துவிட்டுத் தேர்வுக்குப் போங்கள்.