மலை மேலா, மலையடிவாரமா?

கேள்வி: எனக்கு 52 வயது, கணவருக்கு 56. இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை என்பதால் சென்னையை விட்டுக் கிளம்ப முடிவு செய்துவிட்டோம். எனக்கு நடை, அவருக்குச் சைக்கிள், இருவருக்கும் மலையேற்றம் என்றால் உயிர். கோத்தகிரியில் வீடு வாங்கலாம் என்கிறார் அவர். எனக்கோ தென்காசிப் பக்கம் மனம் போகிறது. எங்கே போகலாம்?
- வாசகி, சென்னை

பதில்: உங்கள் மனம் போகிற பக்கமே போங்கள், சகோதரி. மலை மேல் நாலு நாள் தங்குவது வேறு, வருஷம் முழுக்கக் குடியிருப்பது வேறு.

கோத்தகிரியில் ஒரு குளிர்காலம் வாடகை வீட்டில் இருந்திருக்கிறேன். லாங்வுட் சோலைக்குள் காலை வைத்ததும் ஈரச் சருகு மெத்தென்று அமுங்கும். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஆனால் விடியற்காலையில் கேட்டருகே காட்டு மாடு நிற்கும். அது நகரும்வரை வெளியே போக முடியாது. கரடி பயத்தில் மாலை நடையை ஐந்து மணிக்கே முடித்துக்கொள்வேன். ஏறத்தாழ 6,000 அடி உயரம், எந்தச் சாலையும் ஏற்றம் அல்லது இறக்கம்தான். 56 வயதில் தினமும் சைக்கிள் மிதிக்க அது ஏற்ற இடமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அங்கே பலமாகப் பெய்யும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவு எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை மறக்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் கோவைக்கு இறங்க வேண்டும்.

தென்காசியில் மலை கண்ணெதிரே நிற்கும், கால் சமதளத்தில் இருக்கும். ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று கிளம்பிவிடும். வெயிலடிக்கும்போதே முகத்தில் சாரல் விழும். உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: அந்த மாதங்களில் முதலில் மேற்கே பார்த்து மிதிக்க வேண்டும். எதிர்காற்று முதலிலேயே தீர்ந்துவிட்டால், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். கிழக்கே சுந்தரபாண்டியபுரம் பக்கம் போய்விட்டு, அசந்த நேரத்தில் காற்றை எதிர்த்து வீடு திரும்புவது கொடுமை. உங்கள் நடைக்குக் குளத்தங்கரைகளும் வயல்வரப்பும் இருக்கின்றன. சென்னைக்கு இரவு ரயில் பொதிகை. கொல்லம் ரயிலில் ஏறினால் பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டி மலைக்குள்ளேயே போய்வரலாம்.

சங்கடங்களும் உண்டு. சித்திரை, வைகாசியில் வெயில் வாட்டும். சீசனில், அதுவும் சனி ஞாயிறுகளில், குற்றாலம் பக்கம் தலைவைக்க முடியாது. வீடு பார்க்கும்போது அருவிச் சாலையை விட்டுத் தள்ளியே பாருங்கள். மலையில் எங்கோ பெய்யும் மழைக்கு அருவியில் திடீரென்று வெள்ளம் வரும். குளிக்கத் தடை என்றால் எட்டிப் பார்க்கவும் போகாதீர்கள்.

மலையேற்றம் எந்த ஊரில் குடியிருந்தாலும் நினைத்தபோது முடியாது. 2018 குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு வனத்துறை அனுமதியில் கண்டிப்பு கூடிவிட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள்.

அவருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லையா? சரி, ஐப்பசியில் பத்து நாள் கோத்தகிரியில் இருந்து பாருங்கள். அப்புறம் சித்திரையில் பத்து நாள் தென்காசியில். இரண்டு ஊரையும் அதனதன் மோசமான மாதத்தில் பார்த்தபின் ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.