வலிக்காத நெறிக்கட்டு: பொறுத்துப் பார்க்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு நெறிக்கட்டு, வந்து இரண்டு மாதம் ஆகிறது. வலி இல்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் கரையவில்லை. ரத்தப் பரிசோதனை நார்மல். லிம்போமாவாக, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. வலிதான் இல்லையே, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், இந்த வாரமே போய்க் காட்டுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நெறி கட்டுவதற்குப் பெரும்பாலும் தொண்டைப் புண், சொத்தைப் பல், தலையில் வந்த புண் என்று சாதாரணக் காரணம்தான் இருக்கும். ஆனால் அப்படி வந்தது இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிட வேண்டும். உங்களுடையது வடியவில்லை.

வலி இல்லை என்பதை நல்ல சேதியாக நினைக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் கிருமித்தொற்றால் வீங்கிய நெறிதான் தொட்டால் வலிக்கும். லிம்போமாவில் கட்டி பெரும்பாலும் வலிக்காது; அழுத்தினால் பென்சில் ரப்பர் போல விறைப்பாக இருக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் தடவிப் பாருங்கள். காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் கட்டி தட்டுப்பட்டால், அது சிறியதாக இருந்தாலும் காட்டிவிட வேண்டும். அதற்காகத் தினமும் பத்துத் தடவை கட்டியை அமுக்கிப் பார்க்காதீர்கள். அமுக்க அமுக்கத்தான் வலிக்கும்!

அப்புறம், மூன்று விஷயங்களை மருத்துவர் கட்டாயம் கேட்பார். காரணம் தெரியாமல் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்து வந்து போகிறதா? இரவில் வியர்க்கிறதா? ஃபேன் நின்றதால் வருகிற வியர்வை இல்லை, எழுந்து சட்டையையும் தலையணை உறையையும் மாற்ற வேண்டிய அளவுக்கு. ஆறு மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்கு, அதாவது 70 கிலோ இருந்தவர் 63 கிலோ என்று இறங்கியிருக்கிறதா? தடிப்பே இல்லாமல் உடம்பெல்லாம் அரிப்பது, விடாத இருமல், மண்ணீரல் வீங்கி நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது ஆகியவையும் சேரலாம். இவை எதுவுமே இல்லாமலும் லிம்போமா வரும். காசநோயிலும் இதே காய்ச்சல், இதே வியர்வை, இதே கழுத்துக் கட்டி வரும் என்பதால் அறிகுறியை மட்டும் வைத்து யாராலும் முடிவு சொல்ல முடியாது.

யாருக்கு ஆபத்து கூடுதல்? எச்ஐவி உள்ளவர்கள், உறுப்பு மாற்றுக்குப் பிறகு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், முடக்குவாதம், ஷோக்ரென் (கண்ணும் வாயும் வறண்டுபோகும் நோய்) போன்ற, உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள் உள்ளவர்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ், ஹெபடைடிஸ் சி ஆகியவற்றுக்கும் சில வகைகளோடு தொடர்பு உண்டு. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இருந்தால் ஆபத்து சற்றே கூடும், அவ்வளவுதான். வயது கூடக் கூடப் பல வகைகள் அதிகமாகும். ஆனால் ஹாட்ஜ்கின் என்ற லிம்போமா வகை இருபது, முப்பதுகளிலும் நிறைய வரும். அதனால் ‘எனக்குச் சின்ன வயசுதானே’ என்று ஒதுக்க வேண்டாம். நோய் வந்த பலருக்கு இந்தக் காரணங்களில் ஒன்றுகூட இருப்பதில்லை.

ரத்தப் பரிசோதனை நார்மல் என்றீர்கள். சரி, ஆனால் நோய் நெறிக்குள் இருக்கும்போது ரத்தம் ஒன்றும் காட்டாமல் போகலாம். ஊசி வைத்து எடுக்கும் சில செல்களும் பல நேரம் போதாது. கட்டியை முழுசாக எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் எந்த வகை என்பதுவரை சொல்லும். அதற்கு முன்னால் யாராவது ‘வீக்கம் குறையட்டும்’ என்று ஸ்டீராய்டு மாத்திரை எழுதினால், பயாப்சிக்கு முன் இது தேவையா என்று தயங்காமல் கேளுங்கள். ஸ்டீராய்டில் லிம்போமா கட்டி தற்காலிகமாகச் சுருங்கிவிடும். பிறகு பயாப்சியில் ஒன்றும் பிடிபடாமல் போகலாம்.

இதற்கிடையில் மூச்சு வாங்கினாலோ முகமும் கழுத்தும் வீங்கினாலோ அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.