பதில்: 1974-இல் கையால் கட்டிய மலைச் சைக்கிளா?

நீங்கள் வாங்க நினைக்கும் மலைச் சைக்கிளின் சட்டம் (ஃபிரேம்) 1974-இல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் கையால் கட்டியது என்று விற்பவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஆண்டில் அங்குள்ள மலைச்சரிவுகளில் ஓடியவை பெரும்பாலும் ஷ்வின் நிறுவனத்தின் பழைய சைக்கிள் சட்டங்கள்தாம். அங்குள்ள ரீபேக் என்ற செங்குத்தான பாதையில் இறங்கினால் பின்சக்கர ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி அடைக்க வேண்டும். பாதைக்கு ரீபேக், அதாவது ‘மறுபடி அடை’, என்று பெயர் வந்ததே அதனால்தான். அங்கே சட்டம் கட்டிய ஜோ ப்ரீஸ் ‘ப்ரீசர்’ என்ற தம் முதல் மலைச் சைக்கிளைக் குரோமோலி என்ற எஃகுக் கலவைக் குழாயில் கட்டியது 1977-இல். இன்னொரு சட்டம் கட்டுபவரான டாம் ரிச்சியின் மலைச் சைக்கிள் சட்டங்கள் அதற்கும் பின்னால்.

விற்பவரின் படத்தில், ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள தலைக்குழாயிலிருந்து பின்பக்கம் ஓடும் இரட்டைக் குழாய்கள் இருக்கின்றனவா? தொடக்க கால ப்ரீசருக்கு அதுதான் அடையாளம். குழாய் இணைப்புகளையும் வரிசை எண்ணையும் கிட்டத்தில் படமெடுத்துக் கேளுங்கள். மழுப்பினால் விலகிவிடுங்கள்.