கேட்டதும் சொன்னதும்: மாமனார் பெயரும் முருங்கைக்காயும்

கேள்வி: தொழில் நிமித்தம் தன்சானியாவில் இருக்கும் என் மகன், "இங்கே பேசுவது இலக்கணமில்லாத பாஷை, இரண்டு கிழமையில் பிடித்துவிடலாம்" என்கிறான். உண்மையா? (வாசகர், கொக்குவில்)

பதில்: இரண்டு கிழமை கழித்து அவரிடம் மறுபடியும் கேட்டுப் பாருங்கள்! அங்கே வழங்குவது சுவாஹிலி. "நாங்கள் அவர்களை மறக்க மாட்டோம்" என்பதை 'ஹதுதவசஹாவு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஹ எதிர்மறை, து நாங்கள், த எதிர்காலம், வ அவர்களை; வினையடி கடைசியில்தான் வரும். நாம் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள்.

பெயர்ச்சொற்களுக்கு வகுப்புகளும் உண்டு. மனிதர் விழுந்தால் 'அமெஅங்குகா', கதிரை விழுந்தால் 'கிமெஅங்குகா'. மாடு விழுந்தால்? மனிதருக்குரிய அதே 'அமெஅங்குகா'தான். நம் இலக்கணமோ மாட்டையும் கதிரையையும் சேர்த்து அஃறிணையில் கட்டிவிட்டது. எனக்கு அவர்களுடைய கணக்கே பிடித்திருக்கிறது.

மகன் மூத்தவர்களைக் கண்டால் 'ஷிகாமோ' என்று வணங்கட்டும். அவர்கள் 'மரஹபா' என்பார்கள். இலக்கணம் ஆறுதலாக வரட்டும், இது முதல் நாளே வேண்டும்.

கேள்வி: என் அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லவே மாட்டார்; 'இஞ்சாருங்கோ'தான். வேறெங்காவது இப்படி உண்டா? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: உங்கள் அம்மா தப்பித்தார். தென்னாபிரிக்காவின் சூலு, கோசா மக்களிடையே 'ஹ்லோனிபா' என்ற வழக்கம் உண்டு. அதன்படி மருமகள் மாமனாரின் பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயரின் அசை வரும் மற்றச் சொற்களையும் தவிர்க்க வேண்டும். மாமனார் முருகேசு என்று வையுங்கள். முருங்கைக்காயும் முருங்கையிலையும் வாயில் வரக்கூடாது. கறிக்கு எதைப் போடச் சொல்வது? அதற்கென்று மாற்றுச் சொற்களை மூத்த பெண்களிடம் கற்றுக்கொள்வார்கள். அந்த மொழிகளில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் அயலிலிருந்த கொய்சான் மொழிகளிலிருந்து வந்தவை. அவை பரவ இந்த மாற்றுச் சொற்களும் ஒரு வழி என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். நகரங்களில் இன்று இது தளர்ந்துவிட்டது. மரியாதையின் பாரம் முழுவதையும் மருமகள் தலையிலேயே ஏற்றியதை மட்டும் என்னால் மெச்ச முடியவில்லை.

கேள்வி: ஆபிரிக்காவில் நாட்டுக்கொரு மொழியா? (மாணவர், மானிப்பாய்)

பதில்: நைஜீரியாவில் மட்டும் ஐந்நூறுக்கு மேல்! தென்னாபிரிக்காவின் 1996 அரசியலமைப்பு பதினொரு மொழிகளுக்கு ஆட்சிமொழித் தகுதி கொடுத்தது. 2023இல் சைகை மொழி பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. தன்சானியாவில் பெரிய இனம் சுகுமா. ஆனால் நாட்டின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரே அவர்களுடைய மொழியையோ, தன் தாய்மொழியான சனாக்கியையோ நாட்டுக்கு மொழியாக்கவில்லை. கரையோரத்துச் சுவாஹிலியையே வளர்த்தார். 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தை அனுபவித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஆரம்பப் பள்ளியில் சுவாஹிலியில் படித்த பிள்ளை, இடைநிலை வகுப்புக்குப் போனதும் ஆங்கிலத்துக்கு மாற வேண்டியிருக்கிறது. அந்த வழக்கு அங்கே இன்னும் தீரவில்லை.