பூனையின் மருத்துவரைக் கேள்வி கேட்பது தவறா?

உங்கள் கேள்வி இது: ஒன்றரை வயதுப் பூனைக்கு வயிற்றில் நீர் கோத்திருக்கிறது; மருத்துவர் ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் தருகிறார், நீரை முழுதாக எடுக்க மறுக்கிறார்; அவரிடம் காரணம் கேட்டால் அவமதிப்பதாக ஆகுமா?

ஆகாது, தாராளமாகக் கேளுங்கள். ஆனால் இதே நிலையில் கேட்க வேண்டியதை விட்டுவிட்டு, கேட்கத் தேவையில்லாததற்காகக் குரலை உயர்த்தியவன் நான் என்பதால், எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரு அல்சூரில் எங்களோடு வளரும் மிளகு என்ற ஆண் பூனைக்கு அப்போது பத்து மாதம். வயிறு உருண்டு வந்ததைப் பார்த்து, "நல்லா தேறிட்டான்" என்று அம்மா மகிழ்ந்தார். முதுகைத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டதை நாங்கள் இருவருமே பொருட்படுத்தவில்லை. ஐந்து நாளாகக் காய்ச்சல் இறங்காமல், மீனைக் கூட முகர்ந்துவிட்டு ஒதுங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் வயிற்றில் ஊசியை இறக்கிச் சிறிது நீரை எடுத்தார். நல்லெண்ணெய் நிறத்தில் இருந்த அது, தட்டில் சொட்டும்போது கம்பிப் பதத்துப் பாகு போல நூலாக இழுத்தது. அதை ஆய்வுக்கு அனுப்பாமல் கொட்டிவிட்டு, இரத்தப் பரிசோதனை மட்டும் செய்து, நீங்கள் சொல்லும் அதே இரண்டு மருந்துகளை எழுதி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

மீதி நீரையும் ஏன் எடுக்கவில்லை என்றுதான் நான் சண்டைக்குப் போனேன். அதில் அவர் செய்தது சரி. இத்தகைய நீர் எடுத்த சில நாட்களில் மறுபடியும் ஊறிவிடும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உடம்பின் புரதமும் சேர்ந்து வெளியேறும். மூச்சு வாங்கும் அளவுக்கு அழுத்தினால் மட்டுமே, அதுவும் ஓரளவுக்கே எடுப்பார்கள். நான் கேட்டிருக்க வேண்டியது, "எந்த நோய் என்று நினைத்து இந்த ஸ்டீராய்டு தருகிறீர்கள்?" என்பது. அந்த ஒற்றைக் கேள்வி எனக்கு எட்டு நாள் கழித்துத்தான் தோன்றியது.

விடை, முதல் நாள் வாங்கிய அறிக்கையிலேயே இருந்தது. இரத்தத்தில் இருக்கும் இரண்டு வகைப் புரதங்களின் அளவு அவை: ஆல்புமின் 2.1, குளோபுலின் 6.2. இரண்டையும் தனித்தனியாக அச்சிட்டிருந்தார்களே தவிர, ஒன்றை மற்றொன்றால் யாரும் வகுத்துப் பார்க்கவில்லை. நள்ளிரவில் கைப்பேசியில் நான் வகுத்தபோது 0.34 வந்தது. இந்த விகிதம் 0.8க்கு மேல் இருந்தால் எஃப்.ஐ.பி. (ஃபீலைன் இன்ஃபெக்ஷியஸ் பெரிட்டோனைட்டிஸ்) என்னும் நோயாக இருக்க வாய்ப்புக் குறைவு, 0.4க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கிறது. பூனைகளின் குடலில் பெரும்பாலும் தொல்லை தராமல் இருந்துவிடும் ஒரு கொரோனா வைரஸ், சில பூனைகளின் உடம்பில் உருமாறி வெள்ளையணுக்களுக்குள் புகுவதால் வருவது இது. (மனிதருக்கு வந்த கோவிட் கிருமி வேறு, நம்மிடமிருந்து ஒட்டியதோ என்று எங்கள் மாடி வீட்டார் கேட்டதால் இதையும் சொல்கிறேன்.) இரண்டு வயதுக்கு உட்பட்ட பூனைகளையே இது அதிகம் தாக்கும்.

மறுநாள் அறிக்கையை எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் கலந்து, அதன்மேல் மிளகின் வயிற்றிலிருந்து மறுபடி எடுத்த நீரை ஒரு சொட்டு விட்டார். அது கரையாமல், வெந்நீரில் விழுந்த முட்டை வெள்ளைக்கரு போலத் திரண்டு மெல்ல அடியில் இறங்கியது. ரிவால்டா சோதனை என்று பெயர். சொட்டு கரைந்து மறைந்தால் இந்நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கரையாமல் நின்றால் அதை மட்டும் வைத்து உறுதி செய்ய முடியாது, ஏனெனில் பாக்டீரியத் தொற்றிலும் சில புற்றுநோய்களிலும் அப்படி நிற்கலாம். செலவே இல்லாத இந்தச் சோதனைக்குத் தேவையான நீரைத்தான் முதல் இடத்தில் கொட்டினார்கள் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்த மருத்துவரை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நெடுங்காலம் இந்நோய்க்கு ஸ்டீராய்டு கொடுத்துச் சில நாட்களை நீட்டிப்பதற்கு மேல் எவராலும் எதுவும் செய்ய முடிந்ததில்லை. 2019இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் 31 பூனைகளுக்கு ஜிஎஸ்-441524 என்ற மருந்தைக் குறைந்தது பன்னிரண்டு வாரம் கொடுத்து, 25 பூனைகள் நீண்ட நாள் பிழைத்திருந்ததாக வெளியிட்டார்கள். கோவிட் காலத்தில் நாம் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர் இதன் நெருங்கிய உறவு. அதற்கு முன் படித்துவிட்டுத் தொழிலுக்கு வந்த ஒருவர் பழைய வழியிலேயே நின்றுவிட்டால், அவருக்கு இதை நினைவூட்டும் பொறுப்பு நம்மீது விழுகிறது.

மிளகுக்கும் அந்த ஜிஎஸ் மருந்தை 84 நாள் கொடுத்தோம். மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கியது. எடைக்கு ஏற்ப அளவு மாறுவதால், ஞாயிறுதோறும் கூடையில் வைத்து நிறுத்து மருத்துவரிடம் சொல்வது அம்மாவின் வேலை. பிழைத்துக்கொண்டது. ஆனால் உங்கள் பூனைக்கும் இதே நோய்தான் என்று நான் சொல்லவில்லை. இதயக் கோளாறு, கல்லீரல் நோய், புற்றுநோய் எதிலும் வயிற்றில் நீர் கோக்கலாம். நிணநீர்ப் புற்றுநோய் என்றால், பரிசோதனைக்கு முன்பே கொடுத்த ஸ்டீராய்டு அதை மறைத்துவிடவும் கூடும் என்பதால், கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள். அதே சமயம் கோபத்தில் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. காய்ச்சலுக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடவே கூடாது. பூனைக்கு அது நஞ்சு.

கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். எந்த நோயைச் சந்தேகிக்கிறார், வேறு எதுவாக இருக்கலாம், இரண்டு நாளில் தேறாவிட்டால் அடுத்து என்ன என்று கேளுங்கள். "இணையத்தில் படித்தேன்" என்று தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கியதால்தான் அவர் முகம் திருப்பிக்கொண்டார். பதில் வராவிட்டால் அறிக்கைகளின் நகலை வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் காட்டலாம். நீங்களும் பெங்களூரு என்றால் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கு முன், இரத்த அறிக்கை கையில் இருந்தால் ஆல்புமினைக் குளோபுலினால் வகுத்து, வரும் எண்ணை இங்கே கருத்தில் எழுதுங்கள்.