ஃபுல் டேங்க் போட்டா ரெண்டு மைல்ல நின்னுபோற பழைய சிஜி பைக்

மியான்மர்ல முடோன் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, அவர் எழுதினத அப்படியே சுருக்கிப் போடுறேன்.

"அண்ணே, அப்பா ஓட்டுன பழைய சிஜி 125. போன மழைக்காலம் முழுக்க கொட்டாயில சும்மா நின்னுச்சு. திஞ்சான் தண்ணித் திருவிழா முடிஞ்சு ரப்பர் ஷீட் ஏத்தலாம்னு எடுத்தேன். ஸ்டார்ட் ஆகுது, ஐடில் நிக்குது, ரோட்ல போனா கொஞ்ச தூரத்துல இழுவை குறைஞ்சு இருமி இருமி நின்னுடுது. அஞ்சு நிமிஷம் விட்டு உதைச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. பிளக், காயில், கார்பரேட்டர் மூணும் புதுசு போட்டாச்சு. ஃபுல் டேங்க்னா ரெண்டு மைல்லயே நிக்குது, பாதி டேங்க்னா ஏழெட்டு மைல் போகுது. மழைல இன்னும் மோசம். பெட்ரோல் டேங்க் மூடி பூட்டு உடைஞ்சதால பஜார்ல வேற மூடி வாங்கிப் போட்டேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதுன்னு நினைக்கிறேன். 92 பெட்ரோலுக்குப் பதிலா 95 போட்டுப் பாக்கலாமா?"

தம்பி, சம்பந்தம் இருக்காதுன்னு நீங்க போற போக்குல சொன்னீங்களே ஒண்ணு, அதுல தான் எனக்கு சந்தேகமே. பந்தயம் கட்டச் சொன்னா நான் அந்த மூடி மேல கட்டுவேன். ஆனா நீங்க என் பேச்ச நம்ப வேணாம், பத்து நிமிஷத்துல நீங்களே பாத்துடலாம், காசு செலவில்ல.

முதல்ல 95 விஷயத்த முடிச்சிடுவோம். அது எஞ்சின் நாக்கிங் (உள்ள டக்டக்னு தட்டுறது) அடிக்காம இருக்கிறதுக்கான நம்பர், பெட்ரோல் பைப்புல வேகமா இறங்குறதுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. சிஜிக்கு 92 தாராளமாப் போதும், மிச்சக் காச வச்சு ஒரு நல்ல பெட்ரோல் பைப் வாங்குங்க.

இப்ப மூடிக்கு வருவோம். சிஜில பம்ப்னு ஒண்ணு கிடையாது, டேங்க் மேல இருக்கு கார்பரேட்டர் கீழ இருக்கு, தண்ணித் தொட்டில இருந்து குழாய்க்கு வர்ற மாதிரி தானா இறங்குறது தான். அந்த உயரம் எவ்ளோ, ஒரு அடி இருக்கும். ஒரு அடி பெட்ரோலோட தள்ளு சக்தி நம்மள சுத்தி இருக்கிற காத்தோட அழுத்தத்துல கிட்டத்தட்ட 2 சதவீதம், அவ்ளோதான். பெட்ரோல் இறங்க இறங்க அந்த எடத்துக்கு வெளிக்காத்து உள்ள வரணும், அதுக்குத் தான் மூடில ஒரு ஊசித் துளை வச்சிருக்கான், அது அடைஞ்சிருந்தா உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு விரிஞ்சு அழுத்தம் குறைஞ்சுகிட்டே போகும், அந்த 2 சதவீதம் குறைஞ்ச உடனே பெட்ரோல் கீழ இறங்காம அப்படியே தொங்கிப் போயிடும்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஃபுல் டேங்க்ல மேல ஒரு லிட்டர் அளவு காத்து இருக்குன்னு வைங்க, வெறும் 20 மில்லி பெட்ரோல் இறங்கினாலே போதும், சப்ளை நின்னுடும். பாதி டேங்க்ல காத்து அஞ்சு லிட்டர் இருந்தா 100 மில்லி வரைக்கும் தாங்கும். அதனால தான் நிறைஞ்ச டேங்க்ல சீக்கிரம் நிக்குது. மூடி ரப்பர் ஓரமா கொஞ்சம் கொஞ்சம் காத்து கசியும், அதனால தான் அஞ்சு நிமிஷம் விட்டா உள்ள அழுத்தம் சரியாகி மறுபடி ஓடுது. மழைல மோசம்னீங்க, சூடா இருக்கிற டேங்க் மேல மழை கொட்டினா உள்ள இருக்கிற காத்து குளிர்ந்து சுருங்கும், இன்னும் சீக்கிரம் இழுத்துப் பிடிக்கும், அத பாத்துட்டு தான் எல்லாரும் காயில் நனையுதுன்னு முடிவு பண்ணி உங்கள காயில் வாங்க வச்சுட்டாங்க. உங்க ஏரியால வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுது, எந்தக் கோளாறு வந்தாலும் பழி மழை மேல தான்.

நான் இதுல மாட்டினதால தான் இவ்ளோ பேசுறேன். பெகு டவுன்ல நான் மெக்கானிக் கடை போட்ட புதுசுல, என்னோட சொந்த பைக் இதே மாதிரி நின்னு நின்னு உயிர எடுத்துச்சு. ரெண்டு நாள்ல நாலு தடவ கார்பரேட்டர கழட்டி மாட்டினேன், மெக்கானிக்கா இருந்துகிட்டு சொந்த வண்டிய தள்ளிகிட்டுப் போற கேவலம் வேற. கடைசில மூடிய திருப்பிப் பாத்தா துளைல பச்சையா ஏதோ அப்பியிருக்கு, மோந்து பாத்தா துணி சோப்பு! மழைத் தண்ணி டேங்குக்குள்ள இறங்குதுன்னு எங்க மாமா ஒரு நாள் ராத்திரி சோப்ப தேச்சு அடைச்சு விட்டிருக்காரு. சோப்பு பெட்ரோல்ல கரையாது, டேங்க் ஒழுகினா சோப்பு தேக்கிறது பழைய கை வைத்தியம், அத எங்க போடணும்னு தான் அவருக்குத் தெரியல.

சரி, சோதனை. ஃபுல் டேங்க் போட்டு ஓட்டுங்க, இரும ஆரம்பிச்ச உடனே ஓரங்கட்டி மூடியத் திறங்க. உஸ்ஸுன்னு ஒரு மூச்சு உள்ள இழுக்கிற சத்தம் கேட்டா, திறந்து வச்ச உடனே உதைச்சா கிளம்பினா, வேலை முடிஞ்சது. சத்தம் எதுவும் வரலைன்னா மூடிய மூடிட்டு, கார்பரேட்டர் அடியில இருக்கிற டிரெய்ன் ஸ்க்ரூவ ஒரு சின்ன பாட்டில் பிடிச்சுகிட்டு லேசா தளர்த்துங்க. எஞ்சின் சூடா இருக்கும், சொட்டு வெளிய தெறிக்காம பாத்துக்குங்க. கார்பரேட்டர் அடியில பெட்ரோல் தேங்குற கிண்ணம் காலியா இருந்தா பெட்ரோல் வரல, மேல தேடணும். நிறைய கொட்டினா பெட்ரோல் வந்து சேர்ந்திருக்கு, அப்ப சூடானதும் சாகுற சிடிஐ, பிக்கப் காயில்னு ஸ்பார்க் குடுக்கிற கரண்ட் பார்ட்ஸ் பக்கம் போகலாம். இந்த ஒரு ஸ்க்ரூவ திருப்பாம தான் ஊர்ல பாதிப் பேரு பார்ட்ஸ் மாத்திகிட்டு இருக்காங்க.

இன்னொண்ணு, ஓடிகிட்டே இருக்கும்போது இரும ஆரம்பிச்சா சோக்க (காத்த குறைச்சு பெட்ரோல தூக்கலாக்குற லீவர்) பாதி இழுத்துப் பாருங்க. சோக் போட்டா கொஞ்ச தூரம் இழுக்குதுன்னா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம், சோக் போட்டா இன்னும் மூச்சு திணறுதுன்னா பெட்ரோல் அதிகம் இல்லைன்னா கரண்ட் கோளாறு.

அடுத்தது பாட்டில் டெஸ்ட், எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரோட்டோரக் கடைல பெட்ரோல் வித்து வர்ற அந்த ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணு எடுத்துக்குங்க. கார்பரேட்டர்ல மாட்டியிருக்கிற பைப்ப உருவி பாட்டிலுக்குள்ள விட்டு, டேங்க் மூடிய நல்லா மூடிட்டு, டேங்க் அடியில பெட்ரோல திறந்து மூடுற காக்க ஆன்ல வச்சு போன்ல ஒரு நிமிஷம் டைம் பாருங்க. உங்க வண்டி லிட்டருக்கு 25 மைல் குடுக்குதுன்னு வச்சா, 30 மைல் வேகத்துல மணிக்கு 1.2 லிட்டர், நிமிஷத்துக்கு 20 மில்லி தான் குடிக்குது. மேட்டுல முறுக்கிப் பிடிச்சா 50 மில்லி போகலாம். பைப்புல தடை இல்லாம இறங்கும்போது அதுக்கு மூணு மடங்கு, நிமிஷத்துக்கு 150 மில்லியாவது வரணும்னு நான் எதிர்பார்ப்பேன். ஒரு நிமிஷத்தோட நிறுத்தாதீங்க, விடாம ஓட விடுங்க. ஆரம்பத்துல நல்லா வந்து போகப் போக நூலாகி சொட்டாகி நின்னா மூடி. முதல்ல இருந்தே நூல் மாதிரி தான் வருதுன்னா காக் இல்லைன்னா பைப். விட்டு விட்டு குமிழி குமிழியா வந்தா பில்டரா இருக்கலாம்.

காக்க பத்தி சொல்லணும். டேங்குக்குள்ள ரெண்டு வழி இருக்கு, ஆன்ல வச்சா உயரமான குழாய் வழியா எடுக்கும், ரிசர்வ்ல வச்சா தரைல இருந்து எடுக்கும். தரைல தான் துருவும் தண்ணியும் தேங்கி நிக்கும். ஒரு மழைக்காலம் முழுக்க பாதி டேங்கோட நின்ன வண்டில மேல் பாதி உள்பக்கம் கண்டிப்பா வேர்த்து துரு பிடிச்சிருக்கும், டார்ச் அடிச்சு எட்டிப் பாருங்க, செம்மண் கலர்ல தெரிஞ்சா அதான். காக்குக்கு அடியில ஒரு சின்ன கப் இருக்கும், அத கழட்டினா அடியில சேறு மாதிரி தங்கியிருக்கும், தண்ணி இருந்தா முத்து முத்தா உருண்டு ஓடும், பெட்ரோலோட சேராது. இந்தக் கப்ப கழட்டவே தெரியாம பத்து வருஷம் ஓட்டினவங்கள எனக்குத் தெரியும். காக்க பிரிச்சா உள்ள நாலு துளை போட்ட ரப்பர் வாஷர் இருக்கும், அது ஊறி உப்பிப் போய் துளையே சின்னதாகி இருக்கிறத நான் பல தடவ பாத்திருக்கேன், மெக்கானிக் அத திருப்பி மாட்டி வழிய அடைக்கிறதும் உண்டு.

பைப் சுலபம். மீன் தொட்டிக்கு விக்கிற, கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் டியூப் போடாதீங்க, ரெண்டு மாசத்துல மரக்கட்டை மாதிரி விறைச்சு வளைவுல மடிஞ்சுக்கும். பைப்ப நீளமா விட்டு மேல ஏறி இறங்குற மாதிரி வளையம் போட்டா அந்த மேட்டுல காத்து மாட்டிக்கும். அழகுக்கு பெரிய பில்டர் வேணாம், தானா இறங்குற சப்ளைக்கு சின்ன வலை பில்டர் போதும்.

புது கார்பரேட்டர் போட்டீங்க, தோன்பெயின்ல (மூணு சக்கர வண்டி) போடுற அதே மாதிரி கார்பரேட்டரா இருக்கும்னு நினைக்கிறேன், ஊரெல்லாம் அதான் கிடைக்குது. ஆனா டேங்க்ல துரு இருந்தா அந்தப் புதுசும் ஒரு வாரத்துல பழசு தான். ஐடில் ஓடுற சின்ன ஜெட்டோட (பெட்ரோல அளந்து விடுற பித்தளைத் திருகு) துளை அரை மில்லிமீட்டர் கூட வராது, ஒரு பொடி துரு போதும் அடைக்க. அது அடைஞ்சா சோக் இல்லாம ஐடில் நிக்காது, உங்களுக்கு ஐடில் நல்லா நிக்குதுன்னு சொன்னதால அது இல்ல. பெரிய ஜெட் அடைஞ்சா மெதுவா போகும்போது ஒண்ணும் தெரியாது, முறுக்கினா மூச்சு விடாது, ஆனா அஞ்சு நிமிஷம் நிப்பாட்டினா அது சரியாகாது, அப்படியே தான் இருக்கும். எது தானா சரியாகுது எது ஆகலைங்கிறத கவனிச்சாலே பாதி வேலை முடிஞ்சது. ஜெட்ட சுத்தம் பண்ண இரும்புக் கம்பி, குண்டூசி எதுவும் விடாதீங்க, பித்தளை தேஞ்சு துளை பெருசாகிடும். கரண்ட் ஒயர்ல இருக்கிற செம்பு நூல் ஒண்ண உருவிக்குங்க, இல்லைன்னா காத்து அடிங்க.

கிண்ணத்துக்கு வர்ற பெட்ரோல திறந்து மூடுற மிதவை ஊசி ஒட்டிக்கிட்டாலும் கிண்ணத்துக்கு பெட்ரோல் வராது. டிரெய்ன் குழாய்ல ஒரு தெளிவான டியூப் மாட்டி மேல தூக்கிப் பிடிச்சு ஸ்க்ரூவத் திறந்தா, உள்ள எந்த மட்டத்துல நிக்குதோ அதே மட்டம் டியூப்லயும் தெரியும். கிண்ணமும் பாடியும் சேர்ற கோட்டுக்கு கொஞ்சம் கீழ நிக்கணும். ரொம்ப கீழ இருந்தா பத்தல, கோட்டுக்கு மேல ஏறி வழிஞ்சா ஊசி அடைக்கல. வழியிற வண்டில ஆயில் டிப் ஸ்டிக்க எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாசம் வந்தா ஆயில மாத்தாம ஸ்டார்ட் பண்ணாதீங்க.

டேங்க் துருவுக்கு: காக்க கழட்டி துளைய அடைச்சு, வினிகர் ரொப்பி ஒரு ராத்திரி விடுங்க. வீட்ல பித்தளை விளக்க புளி போட்டு தேய்ப்பாங்கல்ல, அதே வேலைய தான் இந்தப் புளிப்பும் பண்ணுது. காலைல ஒரு பிடி சின்ன நட்டு போட்டு நல்லா குலுக்கிக் கொட்டுங்க, நட்ட எண்ணிப் போடுங்க எண்ணி எடுங்க. அப்புறம் சமையல் சோடா கரைச்ச தண்ணில அலசி, நல்ல தண்ணில அலசி, உடனே வெயில்ல காய வச்சு கொஞ்சம் பெட்ரோல்ல எஞ்சின் ஆயில் கலந்து உள்ள சுத்தி விட்டுடுங்க. இந்த கடைசி வேலைய சோம்பல் பட்டு விட்டா மதியத்துக்குள்ள மறுபடி செம்மண் கலர் வந்துடும். மழை விட்ட ஒரு வெயில் நாளா பாத்து பண்ணுங்க, சாயங்காலம் ஆரம்பிக்காதீங்க, கரண்ட் போச்சுன்னு மெழுகுவத்திய பக்கத்துல வச்சுகிட்டு டேங்க எட்டிப் பாத்த ஆள எனக்குத் தெரியும், புருவம் ரெண்டும் போயி மூணு மாசம் தொப்பி போட்டுத் திரிஞ்சாரு. பெட்ரோல் ஆவி காத்த விட கனம், தரையோட ஊர்ந்து போகும், கொசுவத்திச் சுருளு பத்தடி தள்ளி எரிஞ்சாலும் நம்பக் கூடாது.

ஆனா இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி அந்த மூடிய கையில எடுங்க. நல்லா தொடைச்சு காய வச்சு, உள்பக்க துளைல வாய வச்சு ஊதுங்க, மேல சாவித் துவாரம் பக்கமோ ஓரமோ காத்து வெளிய வரணும். வரலைன்னா மெல்லிசான கம்பி விட்டு குத்திப் பாருங்க. துளையே இல்லாத மூடின்னா, வேற வண்டிக்கு உள்ளத தலைல கட்டிட்டாங்க. அந்த வண்டில டேங்குக்கு காத்து போக தனிக் குழாய் இருக்கும், சிஜில அது கிடையாது. அப்படி இருந்தா டிரில் எல்லாம் போடாதீங்க, நேரா துளை போட்டா பிரேக் போடும்போது பெட்ரோல் மேல தெறிக்கும், ஒரிஜினல்ல அந்த வழிய வளைச்சு வளைச்சு தான் விட்டிருப்பான். பழைய மூடி இன்னும் தூக்கிப் போடலைன்னா பூட்டு உடைஞ்சா பரவால்ல, அத மாட்டி ஃபுல் டேங்க்ல ஒரு அஞ்சு மைல் ஓட்டிப் பாருங்க. புது மூடியோட அடிப்பக்கத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி, துளை இருக்கா இல்லையான்னு நானும் பாக்குறேன்.