நாவலில் யார் யாரோடு? கணினியில் உறவு வரைபடம் போட

கேள்வி: மேலூரில் இருந்து முனைவர் பட்டம் செய்யும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார். மதுரையைச் சுற்றி நடக்கும் ஒரு நாவல், நாற்பதுக்கு மேல் பாத்திரங்கள். கோப்பைக் கொடுத்தால் யாருக்கு யார் நெருக்கம் என்று மென்பொருளே வரைந்து தந்துவிடுமா?

பதில்: தராதும்மா. ஆங்கில நாவல்களில் பாத்திரங்களைப் பிரித்தெடுக்க புக்-என்எல்பி என்ற கருவி உண்டு. தமிழுக்கு அது ஆகாது. ஆனால் பாதி வேலையை நீங்கள் செய்தால் மீதியைக் கணினி அழகாகச் செய்யும்.

முதலில் ஒரு பெயர்ப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரி. அதில் அவரை அழைக்கும் எல்லாப் பெயர்களும். நம் வேற்றுமை உருபு இங்கேதான் படுத்தும். 'முருகன்' என்று தேடினால் 'முருகனை', 'முருகனிடம்' கிடைக்காது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் புள்ளி தனிக் குறி. உருபு ஏறியதும் அது போய்விடுகிறது. அதனால் நிரலில் புள்ளியை விட்டுவிட்டு 'முருகன' என்று தேடச் சொல்லுங்கள், எல்லாம் வரும். 'செல்வம்' அப்படி இல்லை. 'செல்வ' என்று வெட்டினால் 'செல்வி'யும் சேர்ந்து வந்துவிடுவாள். 'செல்வம', 'செல்வத்த' என்று இரண்டாகக் கொடுங்கள்.

மதுரை நாவல் என்பதால் இன்னொன்று. மீனாட்சி என்று ஒரு பாத்திரம் இருந்தால், 'மீனாட்சி கோயில்' வரும் இடமெல்லாம் அவள் கணக்கில் ஏறும். அழகர் என்று ஒருவர் இருந்தால், சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதும் அவர் கணக்குத்தான். இவற்றைக் கையால்தான் நீக்க வேண்டும்.

உறவுப் பெயர்கள் இதைவிடக் கடினம். இப்படி ஒரு பத்தியை வைத்துக்கொள்வோம்: 'மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். லட்சுமி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.' கணினிக்கு இதில் லட்சுமி ஒருத்திதான். நமக்கோ இரண்டு பேர், நடுவில் ஒரு மனத்தாங்கல். அந்த மாமா யார் என்பது சொல்பவரைப் பொறுத்தது. லட்சுமிக்கு மாமா, அவள் அம்மாவுக்குத் தம்பியாக இருக்கலாம். கடைசி வரியில் எழுவாயே இல்லை, 'போனார்' மட்டும்தான். அதனால் கோப்பின் ஒரு நகலில் 'மாமா', 'அத்தை', 'அவர்' வரும் இடங்களில் ஆளின் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொண்டே போங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் என் அனுபவத்தில் ஆய்வுக்கு நல்ல கேள்விகள் கிடைப்பது இந்தக் கட்டத்தில்தான். தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அப்புறம் எல்லாம் சுலபம். ஒரே காட்சியில் இருவர் வந்தால் ஒரு மதிப்பெண் என்று பைத்தான் நிரல்மொழியில் எண்ணுங்கள். பத்தியை அளவாக வைத்தால் நம் நாவல்களின் உரையாடல் துண்டு துண்டாகிவிடும், காட்சியே சரி. முடிவை ஒருவர், மற்றவர், எண்ணிக்கை என்று மூன்று நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையாகச் சேமித்து, தலைப்புகளை ஆங்கிலத்தில் சோர்ஸ், டார்கெட், வெயிட் என்று கொடுத்தால் இலவச மென்பொருளான கெஃபி வரைந்துவிடும். நாம் 'ஏழை படும் பாடு' என்று அறிந்த விக்டர் ஹ்யூகோ நாவலின் 77 பாத்திரங்களைக் கணினி அறிஞர் டொனால்டு நூத் 1993-இல் இப்படித் தொகுத்தார். அந்தத் தரவு கெஃபியிலேயே மாதிரியாக இருக்கிறது. முதலில் அதில் பழகிக்கொள்ளுங்கள்.

கோடு தடிமனாக இருந்தால் பாசம் என்று எழுதிவிடாதீர்கள். பங்காளிச் சண்டைக்கும் அதே தடிமன்தான் வரும். சண்டை, உறவு, கொடுக்கல் வாங்கல் என்று நான்காவது நெடுவரிசை ஒன்று சேர்த்து, கோட்டுக்குத் தனித்தனி நிறம் கொடுங்கள்.